ஒரு வாய்க்கு ஒரு கை

துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிற எங்கள் கேங்கில் ஒரு சொல் உண்டு. ‘ஒரு வாய்க்கு ஒரு கை.’ சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். வாய் என்பது கப்பலின் வாய், மூட்டைகளை இறக்குகிற பெரிய சதுரத் திறப்பு. கை என்பது என் கை.

கிரேன் ஓட்டுகிறவன் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கப்பலின் வயிறு தெரியாது. வயிற்றுக்குள் நிற்கிறவனுக்குத் தலைக்கு மேல் சதுரமாக ஒரு துண்டு வானம், அவ்வளவுதான். இந்த இரண்டு குருடர்களுக்கும் நடுவில், திறப்பின் ஓரத்தில் நின்று கை காட்டுகிறவன் நான். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினால் இறக்கு. விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் ஏற்று. இரண்டு கையையும் அகல விரித்தால் நிறுத்து. துறைமுகத்தில் பதினாறு வருஷம் இதுதான் என் பிழைப்பு. சுப்பராயன் என்று ரேஷன் கார்டில் இருக்கும். கேங்கில் விசாரித்தால் ‘கைகாட்டியா?’ என்று கேட்பார்கள்.

என்னைத் தவிர வேறு யாரும் கை தூக்கக் கூடாது. தூக்கினால் அபசகுனம், கைகாட்டிக்கும் அவமானம். கப்பலைக் கட்டி நிறுத்துகிற மேடையில், ஜெட்டி என்போம், ஒரு பலகை இருக்கிறது. ‘நிறுத்து என்ற சைகையை எவர் காட்டினாலும் உடனே நிறுத்தவும்’ என்று அதில் எழுதியிருக்கும். உப்புக் காற்றில் பாதி எழுத்து உதிர்ந்து போனது. நாங்கள் அதன் ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டுவோம். சட்டையைத் தாண்டிப் படித்தவன் ஒருத்தனும் இல்லை.

எனக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். சின்ன வயதில் வியாசர்பாடிப் பள்ளியில் வாத்தியார் என் தலையில் சாக்பீஸ் எறிவார். அது நெற்றியில் பட்டு விழுந்த பிறகும் நான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். கடல் பக்கத்தில் இருந்தால் வியாதி கூடும். தண்ணீர் மினுங்கினால் போதும், நான் கிளம்பிவிடுவேன். இப்படிப்பட்ட ஒருத்தனைப் பிடித்துக் கைகாட்டியாக நிறுத்தியிருக்கிறார்களே, இந்த உலகத்தை என்ன சொல்வது!

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், பங்குனி வெயில். கோதுமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். கோதுமைத் தூசி ஒரு மாதிரி மஞ்சளாகக் காற்றிலேயே தங்கிவிடும். வெயில் அதற்குள் நுழைந்தால் கப்பல், கிரேன், ஆட்கள் எல்லாம் மஞ்சள் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். சத்தம்கூடக் குறைந்துபோகும். நான் ‘இறக்கு’ என்று உள்ளங்கையைக் கவிழ்த்தேன். கயிற்று வளையத்துக்குள் இருபது மூட்டைகள், ஒரு டன், மெல்ல இறங்க ஆரம்பித்தன.

அப்போது கப்பல் கட்டவிழ்த்துக்கொண்டது. நிஜமாக இல்லை, எனக்கு. கயிறுகள் சத்தமில்லாமல் நழுவ, கப்பல் தண்ணீரை விட்டு எழும்பி ராயபுரம் பாலத்துக்கு மேலே மிதந்து போனது. கல்மண்டபத்து மொட்டை மாடிகளில் துணி காயப்போட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கோபுரம், தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். கப்பலின் முனையில் வெள்ளைச் சட்டை போட்டு நான் நிற்கிறேன். நான்தான் கேப்டன். கீழே இருந்து எல்லாரும் கையசைக்கிறார்கள். நானும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல, ரொம்ப மரியாதையாக, அசைத்துக்கொண்டே இருக்கிறேன்.

என் கை ஆடிக்கொண்டே இருந்தது. மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. கீழே அசோகன், எங்கள் கேங்கிலேயே பலசாலி, மூட்டைக்கு அடியில் போடுகிற, சுருண்டுபோன பாயை விரிக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முதுகு மேலே பார்த்து இருந்தது.

திடீரென்று கிரேன் குலுங்கி நின்றது. நின்ற வேகத்தில் வளையம் ஊஞ்சலாடி இரும்பு விளிம்பில் மோத, ஏழெட்டு மூட்டைகள் நழுவின. பாதி டெக்கில், பாதி கப்பலின் வயிற்றுக்குள். ஒன்று அசோகன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அவன் அலறினான். நான் விழித்துப் பார்த்தபோது, திறப்பின் எதிர் ஓரத்தில் கெங்கம்மா நின்றிருந்தாள். இரண்டு கையையும் அகல விரித்திருந்தாள். வலது கையில் துடைப்பம்.

கெங்கம்மா டெக்கில் சிந்துகிற தானியத்தைக் கூட்டுகிறவள். ஐம்பது வயசு, காசிமேட்டு வாய். கேங்கில் சேர்த்தி கிடையாது. தினப்படி ஆள், கேட் பாஸ் மட்டும் உண்டு.

மேஸ்திரி வேதமாணிக்கம் ஓடி வந்தார். “எவன்டா கை தூக்குனது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

“நான் தூக்கல மேஸ்திரி.”

பார்த்தீர்களா, பொய்யே இல்லை. சுத்தமான உண்மை. வாழ்நாளில் நான் சொன்ன பொய்களை எல்லாம் ஒரு தட்டிலும் அந்த உண்மையை ஒரு தட்டிலும் வைத்தால், உண்மைதான் கீழே இறங்கும்.

“நான்தான் தூக்குனேன்!” என்று கெங்கம்மா கத்தினாள். “இவன் நின்னுகினே தூங்குறான்யா! கண்ணு தொறந்து கீது, ஆளு இல்ல! கீழ ஒருத்தன் குந்திகினு கீறான், மூட்ட எறங்குது, இவன் டாட்டா காட்டிகினு கீறான்!”

கேங்கே சிரித்தது. கைகாட்டி தூங்குவானா? அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு? அசோகன் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கிரேன் நின்றது, மூட்டை விழுந்தது. “ஏம்மா, சொம்மா போய்க்கினு இருந்தத நிறுத்தி என்னைக் கொல்லப் பாத்தியே! இதுல பொய் வேற! கஸ்மாலம்!” என்றான். ஒரு வாய்க்கு ஒரு கை, அதை மீறினால் இப்படித்தான் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். வேதமாணிக்கம் அவள் பாஸை வாங்கிக்கொண்டார். இறங்கிப் போகும்போது கெங்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இது நடந்து இரண்டு வாரத்தில் இன்னொரு செய்தி வந்தது. எங்கள் ஜெட்டியைத் தனியார் கம்பெனி ஒன்று எடுத்து நடத்தப் போகிறது. வேதமாணிக்கம் ஆனி மாசத்தோடு ஓய்வு. அவர் இடத்துக்கு சூப்பர்வைசர் வேண்டும், இன்டர்வியூ இங்கிலீஷில். “நீ போடா கைகாட்டி. எனக்கு அப்பால நீதான்னு நான் எப்பவோ முடிவு பண்ட்டேன்” என்றார் வேதமாணிக்கம். எனக்கு ஆசை இல்லையா? இருந்தது. கனவில் வந்த அந்த வெள்ளைச் சட்டைக் கேப்டன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடிக்குப் போனோம், நானும் கிரேன் ஓட்டுகிற உசேனும். அங்கே கௌசர் மிஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துவார். பாரிமுனையில் ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் வேலை, இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். எங்களை மாதிரி நாற்பதைத் தாண்டிய தடியன்கள் பதினோரு பேர், காலை மடக்கிச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கீழே கடையிலிருந்து புதுத்துணி வாசனை வரும். ஜன்னல் வழியே வானம் தெரியும். எனக்கு வேறென்ன வேண்டும்? பாதி வகுப்பு ஜன்னலிலேயே போய்விடும்.

ஒரு ஞாயிறு அவர் போர்டில் இரண்டு சின்ன வார்த்தைகளை எழுதினார். ‘ஸ்டெப் அப்.’

“தலைமை வேலைக்கு ஆள் எடுக்கறவங்க இதைக் கேக்காம விட மாட்டாங்க. ‘நீ ஸ்டெப் அப் பண்ணின சம்பவம் ஒண்ணு சொல்லு’ன்னு கேப்பாங்க. யாருக்காவது அர்த்தம் தெரியுமா?”

“பொறுப்ப எடுத்துக்கறது மிஸ்” என்றார் முன் பெஞ்சுக்காரர்.

“பக்கத்துல வந்துட்டீங்க. ஒருத்தர் தன் பொறுப்பை நம்ம கையில குடுத்து நாம வாங்கிக்கிட்டா அது ‘டேக் ஓவர்’. மேஸ்திரி ரிட்டையர் ஆவறாரு, சுப்பராயண்ணே அந்த எடத்துக்கு வர்றாரு, அது டேக் ஓவர். இது வேற. இதை யாரும் குடுக்க மாட்டாங்க. வான்னு கூப்பிடவும் மாட்டாங்க. ஒரு இக்கட்டு வருது. நம்ம வேலை இல்லைன்னு ஒதுங்கிப் போனாலும் நம்மளை ஒருத்தரும் கேக்கப் போறதில்ல. அப்ப ஒதுங்காம முன்னால வந்து நிக்கிறோம் பாருங்க, அதுக்குப் பேருதான் இது.”

உசேன் கை தூக்கினான். “கெத்தா நிக்கிறது. கரெக்டா மிஸ்?”

“இல்ல உசேன் பாய். கெத்து நாலு பேரு பாக்கறதுக்கு. இது யாரும் பாக்காட்டியும் செய்யறது.”

“அப்ப இதுக்கு ஆப்போசிட்டு எனக்குத் தெரியும். ஜகா வாங்கறது!”

மாடியே அதிர்ந்தது. கௌசர் மிஸ் சிரித்துக்கொண்டே ‘ஜகா’ என்று தமிழில் போர்டில் எழுதினார். “இதைவிட நல்லா எந்த அகராதியும் சொல்லாது. ஸ்டெப் அப்னா, ஜகா வாங்கலாம்ங்கற நேரத்துல ஜகா வாங்காம இருக்கறது. எழுதிக்குங்க.”

எல்லாரும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். உசேன் எழுந்து நின்று, தனக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் தன் பெண்டாட்டி வீட்டையும் தன்னையும் தாங்கியதைத் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொல்லி, “மை ஒய்ஃப் ஸ்டெப்டு அப்” என்று முடித்தான். எல்லாரும் கை தட்டினோம். அவன் கண் கலங்கிவிட்டது.

“எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க” என்றார் கௌசர் மிஸ். “இதைத் தன்னைப் பத்தியும் சொல்லிக்கலாம், தப்பில்ல. இன்டர்வியூல சொல்லித்தான் ஆகணும். ஆனா அடுத்தவங்க நம்மளைப் பத்திச் சொன்னாத்தான் அந்த வார்த்தைக்கு மவுசு. சுப்பராயண்ணே, ஜன்னலை விட்டு வாங்க. உங்க சம்பவம்?”

நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது. “ஒரு நாள் மூட்ட எறங்கினு இருந்துச்சு மிஸ். கீழ ஆளு கீறான், யாரும் பாக்கல. நான் ரெண்டு கையும் விரிச்சி நிறுத்திட்டேன்.”

“அய்யோ! இதைவிட என்ன வேணும்?” என்று அவர் அதை இங்கிலீஷில் மூன்று வரியாக என் நோட்டில் எழுதிக் கொடுத்தார். கடைசி வரி, ‘ஐ ஸ்டெப்டு அப்.’

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உசேன் பென்சிலைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்தான். அன்றைக்கு அந்தக் கிரேன் கூண்டில் இருந்தது அவன்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. கீழே இறங்கி டீ குடித்தோம். எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் அவன் சைக்கிள் மறைகிற வரை நின்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்த மூன்று வரியை மனப்பாடம் செய்தேன். ரயிலில் செய்தேன், கக்கூஸ் வரிசையில் செய்தேன், கை காட்டிக்கொண்டே செய்தேன். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது நடந்ததாகவே ஆகிவிடும் என்பார்கள். பாதி ஆனது. கண்ணை மூடினால் மஞ்சள் தூசி, இறங்குகிற மூட்டை, குனிந்த அசோகன் முதுகு, விரிகிற என் இரண்டு கைகள். எல்லாம் சரியாக வரும். ஆனால் அந்தக் கையில் துடைப்பம் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இருக்கும். கனவுக்குள்ளேயே அதைக் கீழே போடப் பார்த்தேன். விழவே இல்லை. நான் கப்பலில் கேப்டனாக மிதந்தால் அங்கேயும் கையில் துடைப்பம். மொட்டை மாடியில் இருக்கிற பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்குக் கனவு ஒன்றுதான் சொந்தமாக இருந்தது. அதையும் கெங்கம்மா பெருக்கித் தள்ளிவிட்டாள். அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. எவ்வளவு வெட்கங்கெட்ட கோபம் பாருங்கள்.

இன்டர்வியூ அன்று நிஜமாகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏசி அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் துறைமுகம். கண்ணாடி வழியே சத்தமே இல்லாமல் கிரேன்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. ஊமைக் கனவு மாதிரி. நான் போய்விடாமல் இருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பெயர், ஊர், அனுபவம் எல்லாம் ஆயிற்று. பிறகு கௌசர் மிஸ் சொன்ன அதே கேள்வி, அதே வார்த்தையோடு வந்தது. நான் ஆரம்பித்தேன். முதல் வரி வந்தது, மூட்டை இறங்குகிறது. இரண்டாவது வரி வந்தது, கீழே ஓர் ஆள் இருக்கிறான். மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் ஒரு கப்பலின் மேல் யாரோ ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். கெங்கம்மா இல்லை. அவளுக்குப் பதிலாக வந்த யாரோ. எறும்பளவு உருவம், கையில் ஒரு கீற்று.

“கெங்கம்மா ஸ்டெப்டு அப், சார்” என்றேன்.

“கெங்கம்மா என்பது யார்?” என்று நடுவில் இருந்தவர் இங்கிலீஷில் கேட்டார்.

“ஸ்வீப்பர், சார்.”

“நீங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

“ஸ்லீப்பிங், சார். ஐஸ் ஓப்பன்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் ஏதோ எழுதினார். நடுவில் இருந்தவர் ரொம்ப மரியாதையாக நன்றி சொன்னார். அவ்வளவுதான் மேஸ்திரி வேலை. போயே போச்சு.

ஆனால் வெளியே வந்தபோது எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்தது. ராயபுரம் வெயிலில் கால் தரையில் பாவவில்லை. சொல்லிவிட்டேன்! இரண்டு மாசமாகத் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்டேன், அதுவும் இங்கிலீஷில், ஆபீசர்கள் முன்னால்! வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. நேராகக் காசிமேட்டுக்கு நடந்தேன்.

பாஸ் போன பிறகு கெங்கம்மா மீன் மார்க்கெட்டில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

“இன்னா நைனா, மாப்ள கணக்கா வந்துகினு கீற? செதிலு தெறிக்கும், தள்ளி நில்லு.”

நான் தள்ளி நிற்காமல் குத்த வைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். தூங்கியது, வகுப்பில் சொன்ன பொய், இன்டர்வியூவில் சொன்ன நிஜம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவள் கை ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. மீனின் வயிற்றைக் கீறினாள், கழுவினாள், பையில் போட்டுக் கட்டினாள். பிறகு கேட்டாள்.

“ஆபீசருங்களாண்டயா சொன்ன?”

“ஆமாக்கா.”

“இங்கிலீசுல?”

“ஆமாக்கா.”

“என்னப் பொய்க்காரின்னது அவங்களா?”

“இல்லக்கா.”

“எவன் சொன்னானோ அவனாண்ட போய்ச் சொல்லு. தமில்ல சொல்லு. அவனுக்கு இங்கிலீசு வராது” என்றாள் கெங்கம்மா. “ரெண்டு மாசம். அசோகன் இந்த வழியா போறப்பல்லாம் என்னப் பாத்துத் துப்பிட்டுப் போறான். அவன் உசுரக் காப்பாத்துனவ நானு. நீ அங்க ஏசில குந்திகினு இங்கிலீசுல சொன்னா அவன் எச்சி காஞ்சிடுமா? ஏந்து போடா. ஆளுங்க மீனு வாங்க வருவாங்க.”

நான் எழுந்து போனேன். அன்று முழுக்க ஒரு கனவும் வரவில்லை. நடந்து போகிற தெரு தெருவாகவே இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கேங்க் ஜெட்டியில் கூடி நின்றது. பன்னிரண்டு பேர், நடுவில் மேஸ்திரி. அசோகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். உசேன் கிரேன் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தான். நான் பலகையின் மேல் மாட்டியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன்.

“டேய், சட்ட கலீஜாவுதுடா! இன்னா பண்ற?” என்று ஒருத்தன் கத்தினான்.

“அன்னிக்கு நான் தூங்கிட்டேன்” என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “அன்னிக்கு நான் தூங்கிட்டேன். கெங்கம்மாக்கா சொன்னது நெசம். அசோகா, மூட்ட உன் முதுவுக்கு நேரா எறங்கினு இருந்துச்சு. அக்கா கை தூக்கலன்னா நீ இல்ல. நான் ஜகா வாங்கிட்டேன்.”

அசோகன் கட்டிய துண்டை மெல்ல அவிழ்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். உசேன் ஏணியிலிருந்து காலை எடுத்தான்.

“எனக்கும் தெரியும் மேஸ்திரி” என்றான். “மேலருந்து பாத்தேன். இவன் மூஞ்சி மூட்டையாண்ட இல்ல, கடலாண்ட இருந்துச்சு. அதான் அந்தம்மா கையப் பாத்து நிறுத்துனேன். தோஸ்தக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நானும் வாய மூடிக்கினேன். அவனே சொல்வான்னு பாத்தேன். ரெண்டு மாசமா பாத்துகினே கீறேன்.”

வேதமாணிக்கம் பலகைக்கு எதிரே போய் நின்றார். முப்பது வருஷமாக அதைக் கடந்து நடந்தவர். உதிர்ந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி, வாய்விட்டுப் படித்தார். ‘எவர் காட்டினாலும்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“அசோகா, இனிமே நீ கை காட்டு” என்றார் கடைசியில். “சுப்பராயா, நீ கீழ எறங்கு.”

பதினாறு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் இனிக் கைகாட்டி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அசோகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகக் கேட்டைப் பார்த்து நடந்தான். காசிமேட்டுப் பக்கம் போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவன் திரும்பி வரும் வரை ஒரு மூட்டைகூட ஏற்றாமல் காத்திருந்தோம்.

கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. கௌசர் மிஸ் எழுதிக் கொடுத்த மூன்றாவது வரியில் ‘ஐ’ என்பதை அடித்துவிட்டுக் கெங்கம்மா என்று எழுதி அவரிடம் காட்டினேன், கதையையும் சொன்னேன். அவர் பக்கத்தில் சரி என்று ஒரு குறி மட்டும் போட்டார். கெங்கம்மாவுக்குப் பாஸைத் திரும்ப வாங்க வேதமாணிக்கம் பாஸ் ஆபீசுக்குத் தானே மூன்று தடவை அலைந்தார்.

கெங்கம்மா திரும்பி வந்த அன்றும் கோதுமைதான். நான் கப்பலின் வயிற்றில் நின்றிருந்தேன். கீழே இருந்து பார்த்தால் வேறு உலகம். சதுர வானம், அதில் மஞ்சள் தூசி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கிறது, எங்கோ தூரத்தில் கிரேன் முனகுகிறது. அந்தச் சதுரத்தின் ஓரத்தில் மூட்டைகள் வந்து வெயிலை மறைத்தன. என் மேல் நிழல் விழுந்தது. நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலே நிற்கிற யாரோ ஒருத்தர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையைத் தவிர இங்கே நிற்கிறவனுக்கு வேறொன்றும் கிடையாது. பதினாறு வருஷம் மேலே நின்ற எனக்கு இது தெரியாமலே போய்விட்டது. அசோகனின் குனிந்த முதுகு ஞாபகம் வந்தது.

விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வெயிலில் முகம் தெரியவில்லை, துடைப்பம் தெரிந்தது.

“டேய் சுப்பராயா! முழிச்சினு கீறியாடா?”

“கீறேங்க்கா!” என்று கத்திவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றேன்.